குணநாயகத்தோடு சோதனைக்குப் படித்தது

சென்ற வாரம் ஆயர் குரோவில், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ரெம்பியாவிலிருந்து சாமிநாதன். எங்களோடு படித்தவன்.

“டேய் மாணிக்கம், குணம் போயிட்டான்டா. காலையில பாசார்ல மீன் வாங்கிக்கிட்டு நின்னவன், அப்படியே உக்காந்துட்டானாம்லா.”

எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். இந்த வயதில் சாவுச் செய்திக்குக் கேட்க வேறு கேள்வி இல்லை.

குணநாயகத்தை அரசாங்கக் கிளார்க்காக அறிந்தவர்கள்தான் இதை அதிகம் படிப்பீர்கள். கவுண்டரில் நிற்கும் கிழவர்களுக்கு எழுந்து நாற்காலி போடும் மனிதராக உங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு அவன் வகுப்புத் தோழன். இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை.

நாங்கள் படித்தது வெள்ளைக்காரர் ஆட்சியில், காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். நியாலாஸ் பக்கம் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, கேட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பையையும் துழாவுவார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகாது. வெறும் வயிற்றோடு டவுன் பள்ளிக்குப் போவோம். ஊரடங்குக்கு முன் வேலிக்குள் வந்துவிட வேண்டும். என் அப்பா ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டும் வேலையில் இருந்தார். பள்ளி இறுதியில் வரும் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தவறினால், பால் வெட்ட எனக்கு எந்த மர நிரை என்று கங்காணி முடிவு செய்து வைத்திருந்தார். அதை என்னிடமே சிரித்தபடி சொன்னார். அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

முன்னோட்டப் பரீட்சையில் தேறினால்தான் பெரிய பரீட்சைக்குப் பெயர் போகும். ஆங்கிலக் கட்டுரைக்கு ‘ஒரு ரயில் பயணம்’ என்று தலைப்பு வந்தது. நானும் சாமிநாதனும் ஒரே வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து அந்தக் கட்டுரையை மனப்பாடம் செய்திருந்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான். இருவர் தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே கட்டுரை. ஆசிரியர் இரண்டு தாள்களையும் தூக்கிக் காட்டினார்.

“ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்களாம்! நியாலாஸ்ல எந்த ரப்பர் மரத்துலடா ஆப்பிள் காய்க்குது?”

வகுப்பு சிரித்தது. ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியதாகச் சொல்லி, இருவர் பெயரையும் நீக்கப் போவதாக அவர் அறிவித்தார். முன்வரிசையிலிருந்து குணம் எழுந்தான். அதுவரை அவன் என்னோடு பேசியதுகூடக் கிடையாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தனியாகத்தான் உட்காருவார்கள்.

“சார், காப்பி அடிச்சிருந்தா இப்ப சொல்ல வராது. சொல்லச் சொல்லிப் பாருங்க.”

சொன்னேன். கமா எங்கே வரும் என்பதையும் சேர்த்து, கடைசி வரிவரை சொன்னேன். பிறகு சாமிநாதனும் அதையே சொன்னான். பெயர்கள் தப்பின. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் நன்றி சொல்லப் போனேன். “நீ காப்பி அடிக்கல. ஆனா படிக்கவும் இல்ல,” என்றான் குணம். “நீ கிராமபோன் தட்டு. ஊசி வெச்சா பாடுற. பெரிய சோதனையில வேற பாட்டுக் கேட்டா என்ன பண்ணுவ?”

அன்றிரவெல்லாம் அவன்மேல் எனக்கு எரிச்சல். மறுநாள் மதியம் அவனே கூப்பிட்டான். பள்ளி அங்சானா மரத்தடியில் தன் இடியாப்பத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, என் பூகோளப் புத்தகத்தை வாங்கி மூடினான்.

“பருவக்காற்று எப்படி வருதுன்னு எனக்குச் சொல்லு. நான் ஒன்னும் தெரியாதவன்னு நெனச்சுக்க.”

இரண்டு வாக்கியத்துக்குமேல் எனக்கு ஓடவில்லை. எங்கே நின்றேனோ அந்த இடத்தை மட்டும் திறந்து காட்டினான். மறுபடி மூடினான். பரீட்சைவரை எங்கள் மதியங்கள் அப்படித்தான் போயின. நேற்றுச் சொன்னதை இன்று முதலில் கேட்பான். சில நாள் கழித்து, நான் மறந்திருப்பேன் என்று தெரிந்தே மறுபடி கேட்பான். எனக்குச் சரித்திரம் நன்றாக வரும்; அதையே எடுத்துக்கொண்டு உட்காருவேன். பிடுங்கி வைத்துவிடுவான். “தெரிஞ்சதப் படிச்சா சொகமாத்தான் இருக்கும். தெரியாததுல உக்காருடா.” பழைய வினாத்தாளைக் கொடுத்தால், எழுதுமுன் கேள்வி என்ன கேட்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். “கேட்டதுக்கு மட்டும் பதில். உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் கொட்டாதே, யாரும் கேக்கல.”

பரீட்சை வாரத்தில் எங்கள் பக்கம் ராணுவத் தேடுதல் நடந்தது. சாலையை எப்போது அடைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தாளைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று. சாமிநாதனுக்கு டவுனில் மாமா வீடு இருந்தது. எனக்கு யாருமில்லை. குணம் தன் அப்பாவிடம் கெஞ்சி என்னை வீட்டில் தங்கவைத்தான். பெரிய கிளார்க் வீடு. எனக்குப் பின்கட்டில் பாய். சாப்பாடும் அங்கேதான், விளிம்பு பெயர்ந்த இனாமல் தட்டில். கூடத்தில் அவர்கள் மேசையில் சாப்பிடும் சத்தம் கேட்கும். முதல் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, தோட்டத்துக்கே போகிறேன் என்று எழுந்தேன். குணம் வாசலை மறித்து நின்றான்.

“கோபம் நியாயந்தான். சோதனை முடியட்டும், அப்புறம் வெச்சுக்க. இப்ப சாப்பிட்டுட்டு எனக்குப் பூகோளம் சொல்லு.”

சாப்பிட்டேன். பூகோளம் சொன்னேன். பரீட்சை முடிந்ததும் கோபத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தத் தட்டு இன்றும் எனக்குச் செரிக்கவில்லை. போன வாரம் அந்த வீட்டுக் கூடத்தில்தான் அவனைக் கிடத்தியிருந்தார்கள். கூடத்துக்குள் நான் முதன்முறையாக நின்றேன்.

முடிவு வந்த அன்று பள்ளி முற்றத்தில் பட்டியலை ஒட்டினார்கள். எனக்கு முதல் தரம். குணத்துக்கு மூன்றாம் தரம். அவன் அப்பா பட்டியலை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி மகனிடம் சொன்னார்:

“என்ர வீட்டில சாப்பிட்டுட்டு, உன்ர மார்க்கையும் சேத்தெல்லோ கொண்டு போயிட்டான்.”

குணத்தின் முகம் வெளுத்திருந்தது. அந்தத் தரத்துக்கு இனி மேற்படிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரியும். எங்களோடு பேசும் தமிழை விட்டு, வீட்டுத் தமிழில் அப்பாவுக்குப் பதில் சொன்னான். குரல் உயரவில்லை.

“இல்லை அப்பா. அவன்ர அவனுக்கு. என்ர இவ்வளவுதான்.”

முதல் தரம் வாங்கி நான் பெரிதாக எதுவும் ஆகிவிடவில்லை. நிரைக்குப் போகவில்லை, அவ்வளவே. மேற்படிப்புக்கான உபகாரச் சம்பளம் ஆள் தெரிந்தவனுக்குப் போயிற்று. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு இன்னொருவனுக்குப் போயிற்று. யார் யார் என்னுடையதைக் கொண்டு போனார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். குணம் ஒரு பெயரையும் சொல்லாமல் போய்விட்டான். அவனிடமிருந்து நான் வைத்திருப்பது பள்ளி முற்றத்தில் அவன் சொன்ன அந்தப் பதில் ஒன்றுதான். ‘என்னுடையது இவ்வளவுதான்’ என்று என்னைப்பற்றிச் சொல்ல இத்தனை வருடத்தில் எனக்கு ஒருமுறையும் வாய் வரவில்லை.