தும்மலுக்கு வாங்கிய மருந்து

சோபாக்காரரை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. கிழிந்த சோபா, குழி விழுந்த நாற்காலி, ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் கார் சீட், எதைக் கொண்டுபோய் இறக்கினாலும் முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். உள்ளங்கையால் அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். "இதுல உட்கார்றவருக்கு இடது பக்கம் இடுப்பு வலி இருக்கணுமே" என்பார். பெரும்பாலும் இருக்கும். கொண்டுவந்தவர் வாயைப் பிளந்தால், "ஆளைச் சரிபண்ண நம்மால முடியாது. சோபாவை வேணா பாத்துத் தரேன்" என்று சிரிப்பார்.

கீழே பட்டறை, மேலே வீடு. மனைவிக்கு ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை. விடிந்தும் விடியாமலும் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அதனால் மகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது, இறக்குவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர் பாடு. மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். நடக்கப் பழகிய புதிதில் அவள் ஏறாத மேசை இல்லை, கவிழ்க்காத டப்பா இல்லை. அப்புறம் வலிப்பு வந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு குழந்தை அடங்கிப்போய்விட்டாள். குறும்பு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

வலிப்பு விஷயம் வகுப்பு டீச்சரைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாது. "பொண்ணுப் பிள்ளைங்க. ஒருத்தர் காதுல விழுந்தா ஒன்பது பேர் விசாரிக்க வருவாங்க. அவளை ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்று மனைவி சொன்னாள். அவருக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மாத்திரை நல்ல பலன் கொடுத்தது. வலிப்பு வந்து வெகுநாள் ஆகிவிட்டது. போன தடவை டாக்டரம்மா, "அடுத்த முறை வர்ற வரைக்கும் இப்படியே இருந்தா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்க ஆரம்பிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த வீடே நடந்துகொண்டிருந்தது. மாத்திரை நின்றதும் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாலு சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு பழைய அரங்கத்தின் நாற்காலிகள் அத்தனையையும் பிரித்து, பஞ்சை மாற்றி, புதுத் துணி போட்டுத் தைக்க வேண்டும். பிரிக்கப் பிரிக்க எத்தனையோ வருஷத்துத் தூசி புகையாகக் கிளம்பியது. மாடிப்படி வழியாக அது வீட்டுக்கும் ஏறியது. வாலு தும்ம ஆரம்பித்தாள். கண் சிவந்து நமைச்சல். மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிப் படுக்கையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். தூக்கம் கெடக்கூடாது, கெட்டால் வலிப்பு வரலாம் என்று டாக்டரம்மா பலமுறை எச்சரித்திருந்தார். அதுதான் அவரை அலைக்கழித்தது. எப்படியாவது குழந்தை தூங்கினால் போதும்.

மருத்துவமனைக்குப் போன் செய்தார். டாக்டரம்மா வெளியூர் போயிருப்பதாகவும், அவசரமென்றால் வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றும் நர்ஸ் சொன்னாள். தும்மலுக்கு என்ன அவசரம் என்று வைத்துவிட்டார். பிறகு தன் அக்காவிடம் பேசினார்.

"இதுக்குப் போய் இப்படி ஆடிப்போறியே தம்பி. ஒரு சிரப் இருக்கு. எங்க வீட்டுல ரெண்டு பசங்களுக்கும் அதான் குடுத்தேன். உள்ள போனா பிள்ளை மரக்கட்டை மாதிரி தூங்கும்" என்றாள் அக்கா.

மறுநாள் வாலு வேனைவிட்டு இறங்கியதும் அவளைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடையிலிருந்த பெண் நல்ல பொறுமைசாலி. இது தூக்கம் வரவழைக்கும், இது அவ்வளவாக வரவழைக்காது என்று எடுத்து வைத்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "குழந்தைக்கு வேற ஏதாவது நோய் இருக்கா? தினம் சாப்பிடற மருந்து ஏதாவது?"

சோபாக்காரர் வாயைத் திறந்தார். அப்போது முதுகுக்குப் பின்னால், "என்ன அண்ணே, வாலுவுக்கு உடம்பு சரியில்லையா? வேன்லயும் தும்மிக்கிட்டே வந்துச்சு" என்று குரல் கேட்டது. வேன் ஓட்டுபவர். தலைவலித் தைலம் வாங்க வந்திருந்தார். இந்த மனுஷனுக்குத் தெரிந்தால் நாளைக்கு வேனில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டால்?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வெறும் தும்மல்தான்" என்றார் கடைப்பெண்ணிடம்.

வாலு தலையை நிமிர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்க்காத மாதிரி, "தூக்கம் வர்றதே குடுங்க" என்று சிரப்பைக் கையில் வாங்கிக்கொண்டார்.

வாலு தூங்கினாள். வேலையிலிருந்து வந்த மனைவி, மூக்கு விசிலடிக்காமல் படுத்திருந்த மகளைக் கண்டு ஆச்சரியப்பட்டாள்.

"என்ன குடுத்தீங்க?"

"அக்கா சொன்ன சிரப்."

"டாக்டரம்மாவைக் கேட்டீங்களா?"

"அவங்க ஊர்ல இல்லையே."

அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்கச் சிரப் நடந்தது. காலையில் எழுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. கெட்டுப்போன தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கித் தீர்க்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பள்ளியிலிருந்து போன் வந்தபோது அவர் ஒரு நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காலைப் பிரார்த்தனை வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, கையும் காலும் வெட்டி இழுத்திருக்கிறது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கையில் சுத்தியலுடனே அவர் தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டார்.

மருத்துவமனையில் ஊர் திரும்பியிருந்த டாக்டரம்மாவே பார்த்தார். சிரப் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"வலிப்பு இருக்கற சில குழந்தைகளுக்கு இந்த வகை மருந்து வலிப்பைக் கிளப்பிவிடலாம். அதுக்காக இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். முன்னாடி தூக்கம் கெட்டிருக்கு, அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா இதைத் தவிர்த்திருக்கலாம். கடையில ஒண்ணும் கேக்கலையா?"

பக்கத்தில் விடுதி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த மனைவி நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரப் பெண் மேல் பழியைப் போட ஒரு நொடி போதும். அவர் போடவில்லை.

"கேட்டாங்கம்மா. நான்தான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. மாத்திரையைக் குறைக்கும் பேச்சு போய், கொஞ்சம் கூட்டி எழுதிக் கொடுத்தார். தும்மலுக்கு, மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னார். மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரே. நமைச்சல் தாங்கவில்லையென்றால் கொடுக்க, அவள் சாப்பிடும் மாத்திரையோடு ஒத்துப்போகிற மாதிரி பார்த்து, தூக்கம் அவ்வளவாகத் தராத ஒரு மருந்து. "எல்லாத்தையும்விட முக்கியம், குழந்தை அந்தத் தூசியில இருக்கக் கூடாது" என்றார்.

சாயங்காலம் வாலு தெளிந்து எழுந்தாள். தையல் போட்ட உதட்டோடு மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, கடையில ஏன் அப்படிச் சொன்ன?"

"வேன்காரர் நின்னாரும்மா."

அவள் யோசித்தாள். "இப்ப எல்லாரும் பாத்துட்டாங்களே" என்றாள்.

அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினார். ஏற்கெனவே அது மூடித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் மனைவி அவரோடு பேசவில்லை. கடைசியில் அடுப்படிக் கதவோரம் போய் நின்றவரிடம், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வெளியில சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது நான்தானே. உங்களை மட்டும் எப்படித் திட்டறது?" அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வேன்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நெடுநேரம் வாலுவிடம் ஏதேதோ கதை பேசிவிட்டு, கிளம்பும்போது படியில் நின்று சொன்னார்: "என் தம்பிக்கும் சின்ன வயசுல இருந்துச்சு அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பக்கத்து சீட்லயே உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே." ஆறுதலுக்குத்தான் சொன்னார். சோபாக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பட்டறைக்கு மேலே இனி இருக்க முடியாது என்று தீர்மானமாயிற்று. சற்றுத் தள்ளி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரிகிற ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். அவர் வேலை முடிந்ததும் பட்டறையிலேயே தலைக்குக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். தும்மல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் பள்ளிவிட்டு வந்ததும் வெட்டிப் போட்ட ஃபோம் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய மகள் இனி அங்கே வர முடியாது. கையில் ஊசியும் நூலுமாக அவர் ஏதாவது கேட்கத் திரும்புவார். அங்கே ஆள் இருக்காது.

கூட்டிய மாத்திரை வாலுவை இன்னும் மந்தமாக்கியது. தெரிந்த வார்த்தைக்குக்கூட நின்று யோசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி இடம் மாறிப் போய்விட்டாள் என்பதை வெகு நாள் கழித்துத்தான் சொன்னாள், அதுவும் வேறு எதையோ சொல்லும்போது நடுவில்.

வலிப்பு இன்னும் ஓரிரு தடவை வந்தது. பிறகு அடங்கியது. ஒரு வருஷத்துக்கும் மேல் நல்லபடியாகப் போனது. டாக்டரம்மா மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார்.

"மெதுவா குறைச்சுப் பார்க்கலாமா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாலு முந்திக்கொண்டாள். "குறைச்சா மறுபடி வருமா டாக்டர்?"

"வராமலும் இருக்கலாம். வந்தாலும் வரலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப இப்படியே இருக்கட்டும். மறுபடி பிரேயர்ல வந்துட்டா? எல்லாரும் இருப்பாங்க" என்றாள்.

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. அடுத்த தடவை பேசிக்கொள்ளலாம் என்றார். மூவரும் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். வாலு அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு, வருகிற பஸ் எல்லாம் தங்களுடையதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாக்காரர் அவள் தலையில் கை வைத்தார். பஸ் கூட்டத்தோடு வந்தது. மகளுக்கு ஒரு இருக்கை கிடைத்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார்.