லூர்துராணி விடாத வரி

லூர்துராணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும், நானும் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

தென்னூர்ப் பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். 1984-இல் திருச்சியில் ஒரு கல்லூரியின் புதிய கம்ப்யூட்டர் அறையில் தற்காலிக ஆபரேட்டராகச் சேர்ந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் நான் அங்கே புரோகிராமர். அடிக்க வேண்டிய வரிக்கு அடியில் ஒரு மரஸ்கேலை வைத்துக்கொள்வாள். முடிந்ததும் கீழே நகர்த்துவாள். வேலை நிரந்தரமானால் தங்கை ரோசரியை நர்ஸிங் படிக்க வைக்க வேண்டும் என்று டீ நேரத்தில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கல்லூரி விழாவில் ஓட்டிக் காட்ட, அமெரிக்காவில் எழுதிய ஒரு பழைய குகை விளையாட்டின் புரோகிராம் ஜெராக்ஸ் கட்டாக வந்தது. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே குகைக்குள் போகலாம். நாற்பது பக்கத்தையும் லூர்துராணி அடித்து ஏற்றினாள். ஓடியது. ஆனால் முந்நூறாவது கட்டளையில் கையிலிருக்கும் பேட்டரி விளக்கு அணைந்துவிடும். புது பேட்டரி போட்டாலும் அணைந்துவிடும். அப்புறம் இருட்டில் குழியில் விழுந்து சாக வேண்டியதுதான்.

துறைத் தலைவர் சகாயநாதன் சார் காரணம் கேட்டார். நான் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“டைப்பிங் மிஸ்டேக்தான் சார். அந்தப் பொண்ணு எங்கயோ வரியை விட்டிருக்கு.”

அமெரிக்காக்காரன் எழுதியதில் தப்பு இருக்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. சார் டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

லூர்துராணி மூன்று நாள் ஸ்கேலும் கையுமாக ஒப்பிட்டாள். நாலாம் நாள் என் மேஜைக்கு வந்தாள்.

“நான் அடிச்சதுல ஒரு புள்ளிகூட மாறலைங்க சார். ஆனா இங்க பாருங்க. முந்நூறு ஆனா விளக்கை அணைச்சிடுன்னு முதல்ல இருக்கு. புது பேட்டரி போட்டாச்சான்னு கேக்குறது அதுக்குக் கீழதான் வருது. வீட்டு விளக்குல எண்ணெய் இருக்கான்னு பாக்காமலே அணைச்சா எப்படிங்க சார்?”

அவள் புரோகிராம் படித்தவளே இல்லை. அடித்து அடித்தே புரிந்துகொண்டிருக்கிறாள். இரண்டு கேள்விகளையும் முன்பின்னாக மாற்றினேன். விளக்கு எரிந்தது.

விழாவன்று சகாயநாதன் சார் என் தோளைத் தட்டி, “வெளிநாட்டுப் புரோகிராம்லயே தப்பு கண்டுபிடிச்சவர் நம்ம அழகிரி,” என்று விருந்தினரிடம் சொன்னார். லூர்துராணி பக்கத்தில்தான் தட்டுகளில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தாள். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பல்லைக் காட்டிச் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்த மாதம் அவளை நிறுத்திவிட்டார்கள். டைப்பிங்கில் பிழை அதிகம் என்று காரணம். அது யார் சொன்ன காரணம் என்று அவளுக்குத் தெரியாது. சார் அறைக் கதவு வரைக்கும் போனேன். எனக்கும் புரமோஷன் வருகிற நேரம். திரும்பி வந்துவிட்டேன்.

கடைசி நாள் என்னிடம்தான் வந்து நின்றாள்.

“தில்லை நகர்ல ஒரு கிளினிக்ல டைப்பிஸ்ட் கேக்குறாங்க. தப்பில்லாம அடிப்பாங்கன்னு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும் சார்.”

‘நாற்பது பக்கத்தில் ஒரு பிழைகூடச் செய்யாதவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். விரலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்து நிதானமாகப் படித்தாள்.

“இதைப் பெரிய சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

“சொல்றேம்மா,” என்றேன்.

சகாயநாதன் சார் அதற்கப்புறம் ஐந்து வருஷம் கழித்துத்தான் ரிட்டயர் ஆனார். தினமும் காலையில் வராந்தாவில் எதிரே வருவார். நான் வணக்கம் மட்டும் சொன்னேன்.