கீழே வைக்காத ஸ்ட்ரெச்சர்

காலை ஆறு பத்து. எங்கள் ஏரிக்குள் நான் முதலில் பார்த்தது பனி. சித்திரை மாதம், நெமிலிச்சேரி ஸ்டேஷனைத் தாண்டி, தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரியில் ஒரு மலைச்சரிவு வெள்ளையாக நின்றது. மலை, லாரிகளில் கொண்டுவந்து கொட்டிய மண். பனி, மூட்டை மூட்டையாகத் தூவிய கல்லுப்பு. அதை நக்க வந்த எருமைகளை விரட்டுவதற்கென்றே சினிமாக்காரர்கள் ஓர் ஆளை வைத்திருந்தார்கள்.

அது போர்ப் படம். எல்லையில் குண்டுமழைக்கு நடுவே மாட்டிக்கொண்ட சிப்பாய்கள் ஒருவருக்கொருவர் உயிராகிப்போகிற கதை என்று மாமா சொன்னார். சிப்பாய் வேடத்துக்கு ஊர்த்தெருவிலிருந்தும் எங்கள் காலனியிலிருந்தும் ஆண்கள் போயிருந்தார்கள். கம்பளிக் கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிய பிறகு யார் எந்தத் தெரு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாப்பாட்டுக்கும் ஒரே வரிசைதான்.

அம்பத்தூரில் லேத் வேலை பார்த்த அப்பா ஒல்லியான ஆள். அதனால் காயம்பட்ட சிப்பாய் வேடம் அவருக்குக் கிடைத்தது. அவரைப் படுக்கவைத்த ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் தோளில் சுமந்து மலையிறங்க வேண்டும். நால்வரும் ஊர்த்தெருக்காரர்கள். முன்னால் நின்றவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவரும் அப்பாவும் பள்ளியில் ஒரே பெஞ்சு என்று அம்மா சொல்வாள். அவர்கள் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. ஒத்திகை தொடங்கிய சில நாட்களில் பேச்சு வந்துவிட்டிருந்தது.

“இன்னா மச்சான், இந்த கனம் கனக்குற? நேத்து பிரியாணிய நீயே துன்னுட்டியா?” என்றார் லாரிக்காரர்.

“சாவப்போறவன்னு ரெண்டு முட்டை சேத்து வெச்சாங்க. நீ வாய மூடிக்கினு தூக்கு மாமே” என்றார் அப்பா. காயம்பட்டவர் என்பதால் கண்ணைத் திறக்கவில்லை.

எடுக்கவேண்டிய காட்சி இது. அப்பாவை ஸ்ட்ரெச்சரோடு பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முதல் வெடி வெடித்ததும் நால்வரும் அவரை ஒரு தெர்மாகோல் பாறைக்கு அருகில் போட்டுவிட்டு உயிர் தப்ப ஓட வேண்டும். அதோடு கேமரா நிற்கும். அப்பாவை அவிழ்த்துவிட்டு, அங்கே ஒரு பொம்மையைக் கிடத்துவார்கள். பிறகு பாறைக்கு அடியில் புதைத்த இரண்டாவது வெடி.

முதல் வெடி வெடித்தது. உப்பும் மண்ணும் கலந்து எழுந்த புகைக்குள்ளிருந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. பாறையை நெருங்கியது. நிற்கவில்லை.

“போடுங்கய்யா! கீழ போட்டுட்டு ஓடுங்கய்யா!” என்று உதவி இயக்குநர் மைக்கில் கத்தினார்.

நால்வரில் ஒருவரும் குனியவில்லை. லாரிக்காரர் ஏதோ குரல் கொடுத்தார். ஓட்டம் குறையாமல் நால்வரும் ஒரே நேரத்தில் தோள் மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமும் சாயவில்லை. அவர்கள் ஏரிக்கரை மேல் ஏறத் தொடங்கியபோது இரண்டாவது வெடி வெடித்தது. சுவிட்சைப் பிடித்திருந்தவர் பொம்மைக்காகக் காத்திருக்கவில்லை. பாறை இருந்த இடத்தில் என் இடுப்பு ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் வலித்தது.

இயக்குநர் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கரைக்கு ஓடிவந்தார். அப்பா இன்னும் அவர்கள் தோள்மேல்தான் இருந்தார்.

“போடச் சொன்னாரே, ஏன்ப்பா போடல?”

“ஆடி மாசம் அம்மன் சப்பரம் தூக்குறவங்க சார் நாங்கோ” என்றார் லாரிக்காரர். மூச்சு இரைத்தது. “தோள்ல ஏத்திட்டா கோயிலாண்ட வர்ற வரிக்கும் தரையில வெக்கமாட்டோம். கை காலு பயக்கம். அவரு கத்துனது காதுலயே வுயல.”

மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “அப்ப வர்ற ஆடிக்கு எனக்கும் ஒரு தோள் குட்றா மச்சான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹெல்மெட்டுகள் மேலே பறந்தன. நானும் குதித்துக் குதித்துச் சிரித்தேன். எங்கள் காலனியிலிருந்து அதுவரை யாரும் அந்தச் சப்பரத்தின் தண்டைத் தொட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

லாரிக்காரர் சிரிக்கவில்லை. “வந்துடு” என்றார்.

அந்தக் காட்சியை அவர்கள் மறுபடி எடுக்கவில்லை. கதையை மாற்றிக் காயம்பட்ட சிப்பாயைப் பிழைக்கவைத்தார்கள். படம் வெளியானபோது இரண்டு தெருவும் ஒரே ரயிலேறி ஆவடி தியேட்டருக்குப் போனது. கரையேறும் ஸ்ட்ரெச்சருக்கு அடித்த விசிலில் பின்னணி இசை கேட்கவில்லை. அப்பா தன் முகத்தைத் திரையில் பார்க்காமல், தூக்குகிறவர்களின் கால்களையே பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

ஆனால் படத்துக்கு முன்பே ஆடி வந்துவிட்டது. அப்பா தலைக்குக் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, சாயங்காலம் கோயிலுக்குப் போனார். சப்பரம் எழுந்தபோது பின்தண்டில் வலது பக்கம் அவர் நின்றார். முன்னாலிருந்து லாரிக்காரர் குரல் கொடுத்தார். அப்பா மற்றவர்களோடு சேர்ந்து, ஒரு நொடி பிந்தாமல், தோள் மாற்றினார். எங்கள் தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். மாமா என்னைத் தூக்கித் தன் தோளில் உட்காரவைத்துக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் ஆடினார். அம்மனைவிட நான்தான் உயரம் என்று கத்தினேன்.

அங்கிருந்து எனக்கு ஊர்த்தெரு முழுவதும் தெரிந்தது. வாசலுக்கு வாசல் தேங்காய்த் தட்டோடு ஆட்கள் நின்றார்கள். மூன்று வீடுகளின் வாசலில் மட்டும் யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது. திருவிழா நாளில் போய் வெளியூருக்குக் கிளம்பிவிட்டார்களே, பாவம் என்று நினைத்தேன்.

மூன்று வீடுகளிலும் உள்ளே விளக்கு எரிந்தது.