எண்ணெய் ஊத்தியாச்சா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை முடிக்காவிட்டால், மறுநாள் வண்டியைச் சுங்கை லாலாங்காரர் ஒருவருக்கு விற்றுவிடுவது என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் என் மனைவி கேட்கவில்லை. "கடைசியா வந்தாலும் பரவால்ல. ஓட்டிக்கிட்டே கோட்டத் தாண்டுங்க, அது போதும்" என்றாள். அவள் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பாக்கார் ஆராங்கில் எங்களுடையது வரிசை வீடு. வாசலில் ஒரு கார் நிற்கத்தான் இடம். அந்த இடத்தில் என் ஸ்க்ராம்ப்ளர் நிற்கும், அதைச் சுற்றிக் கழற்றிப் போட்ட சாமான்கள் கிடக்கும், அவளுடைய கார் ரோட்டில் நின்று வெயிலில் காயும். வண்டி பழைய டூ ஸ்ட்ரோக். அது பிறந்தபோது பிறந்த பையன்கள் கல்யாணம் பண்ணிப் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். கிளப்பினால் தெரு முழுக்க நீலப் புகை. துணி காயப்போடும் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. இத்தனைக்கும் நான் ஒரு பந்தயத்தைக்கூட முடித்ததில்லை. ஒரு முறை செயின் அறுந்தது. ஒரு முறை பிளக் நனைந்து நின்றது. இன்னொரு முறை வண்டி நன்றாகத்தான் இருந்தது, நான்தான் மண்ணைக் கவ்வினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, வாய் நிறைய மண்.

அதை மணலில் ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? திராட்டலை முறுக்கினால் முதலில் ஒன்றும் நடக்காது, யோசிக்கும். பிறகு திடீரென்று முடிவெடுத்துப் பாயும். மணலில் பயந்தால் கெட்டோம். முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, பிரேக்கைத் தொடக் கூடாது, உடம்பைப் பின்னால் சாய்த்து, முறுக்கிய கையை விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் சக்கரம் புதைந்துவிடும். தொழிற்சாலையில் நாள் முழுக்க "மெதுவா, பாத்து" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. மெதுவாகப் போனால் விழுந்துவிடுவோம் என்கிற ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது. வண்டியைக் கொடுக்க எனக்குக் கொஞ்சமும் மனசு இல்லை.

வழக்கமாகத் துணைக்கு என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி வருவான். சாமான் எடுத்துக் கொடுப்பது, செயினை இறுக்குவது, பெட்ரோல் கலப்பது எல்லாம் அவன் பாடு. அன்று அவனுக்கு ஓவர்டைம். பிக்கப்பை மட்டும் அனுப்பிவிட்டான்.

"நான் வரேன்" என்றாள் மனைவி.

"நீ எதுக்கு அந்த வெயில்ல?"

"கடைசி ஓட்டம். போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். சாவு வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இந்த மாதிரி வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. டூ டி என்று போத்தலில் விற்கும் எண்ணெயை அதில் கலந்துதான் டேங்கில் விட வேண்டும். உள்ளே பிஸ்டன் வழுக்கி ஓடுவதே அதனால்தான். அது இல்லையென்றால் சூடேறி இறுகிக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். அந்த எண்ணெய் எரிகிற புகைதான் நீலமாக வரும். காலையில் வழியில் சிவப்புத் தோமில், அதாவது பிளாஸ்டிக் கேனில், பெட்ரோல் பிடித்துக்கொண்டோம். டூ டி போத்தல் அவள் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. கோத்தா கோலா மூடா நெருங்கியபோது நான் சொன்னேன், "நான் நம்பர் வாங்க வரிசையில நிக்கணும். எறங்குன ஒடனே எண்ணெய் ஊத்திரு. மறந்துறாத."

"சரி" என்றாள்.

ஆற்று முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் இருந்தது பந்தயத் திடல். கயிறு கட்டி, பழைய டயர் நட்டு, மணலை மேடும் பள்ளமுமாக வாரிக் குவித்திருந்தார்கள். காற்றில் கருவாட்டு வாசனை. எனக்கு மூத்தோர் பிரிவு. பழைய வண்டி, பழைய உடம்பு. நம்பரை மாட்டிக்கொண்டு வந்து, "எண்ணெய் ஊத்தியாச்சா?" என்றேன்.

"ஊத்தியாச்சு. ஒரு சொட்டு சிந்தல" என்றாள் பெருமையாக.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் எப்போதும் போலப் புகை. அடுத்த சுற்றில் திரும்பிப் பார்த்தால் புகையே இல்லை. ஆகா, முந்தின வாரம் நான் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியது வேலை செய்கிறது என்று நினைத்தேன். வண்டியும் என்றைக்கும் இல்லாத திருநாளாகப் பறந்தது. இரண்டு பேரைத் தாண்டினேன். ஒருவர் வயதானவர், மற்றவர் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். இருக்கட்டுமே, தாண்டினது தாண்டினதுதான். கயிற்றோரம் நின்ற மனைவி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கூடக் காட்டினாள்.

கடற்கரைப் பக்க வளைவில் ஓசை மாறியது. முதலில் கீச்சென்று ஒரு சத்தம். வேகம் தானாகக் குறைந்தது. நான் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் பின் சக்கரம் நின்றுபோனது. கை தன்னால் கிளச்சைப் பிடித்ததால் குப்புற விழாமல் தப்பினேன். எஞ்சின் செத்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வீசிவிட்டு அந்த வண்டியை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்தபிறகு அழுகை வந்தது. மூத்தோர் பிரிவில் நிற்கிற ஆம்பிளை, கடற்கரையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திடலுக்குக் குறுக்கே என் மனைவி ஓடி வருவது தெரிந்தது. மணலில் சிலிப்பர் புதைய, ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றை எங்கேயோ விட்டுவிட்டு வந்தாள். "கிக்கர ஒதைக்காதீங்க, ஒதைக்காதீங்க" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். வந்ததும் மூச்சு வாங்க ஒரு போத்தலை நீட்டினாள். டூ டி. மூடிகூடத் திறக்கவில்லை.

"இது என்னா?" என்றேன்.

"எண்ணெய்."

"அப்ப நீ ஊத்துனது?"

"அதுவும் எண்ணெய்தான்."

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதையும் எண்ணெய் அடிப்பது என்றுதான் சொல்வோம். மலாய்க்காரர்களுக்கு எல்லாமே மிஞ்ஞாக், நமக்கு எல்லாமே எண்ணெய். காரில் ஊற்றுவது, தலையில் தேய்ப்பது, வடை சுடுவது எல்லாம் ஒரே எண்ணெய். தோமில் இருந்ததும் எண்ணெய், போத்தலில் இருந்ததும் எண்ணெய். அவள் தோமை எடுத்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியிருக்கிறாள். உள்ளே மிச்சமிருந்த பழைய கலவைதான் முதல் சுற்றில் புகைந்திருக்கிறது. பக்கத்துக் கூடாரத்துப் பையன் "என்னாக்கா, புகையே காணோம், டூ டி ஊத்துனீங்களா?" என்று கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. சூட்டோடு உதைத்தால் எஞ்சின் ஒரேயடியாகப் போய்விடும் என்றும் அவன்தான் சொல்லியிருக்கிறான்.

"ஒனக்கு அறிவு இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"டூ டின்னு சொல்ல வாய் வலிச்சிச்சா?" என்றாள்.

மஞ்சள் கொடியோடு ஒரு மலாய்ப் பையன் ஓடி வந்தான். "தாக் போலே, காக், தாக் போலே" என்றான். கூடாதாம், வெளியாள் திடலுக்குள் வந்து வண்டியைத் தொட்டால் அவுட்டாம். கெஞ்சிப் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

"அவ்வளவுதான். போச்சு" என்றேன்.

"போனா போவுது. எஞ்சின் பொழைக்குமா, அத மொதல்ல பாருங்க" என்று அவள் டேங்க் மூடியைத் திறந்தாள்.

உத்தேசமாகப் போத்தலைச் சாய்த்து, வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் கலக்கினோம். சூடு ஆறட்டும் என்று வெயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பிறகு கிக்கரை மெல்ல அழுத்தினேன். முதலில் கல். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், இளகிக் கீழே போனது. எனக்கு உயிர் வந்தது. மறுபடி மறுபடி உதைத்ததில் இருமிக்கொண்டு கிளம்பி, அவள் முகத்தின்மேலேயே நீலப் புகையைக் கக்கியது. அவளும் இருமினாள். இருமலுக்கு நடுவில் சிரித்தாள்.

மெதுவாக ஓட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். கொடியைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அடுத்த பிரிவுக்காரர்கள் வரிசையில் நின்று, யாருடா இது என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் மீ ஊடாங் சாப்பிட உட்கார்ந்தோம். நூடுல்ஸ்மேல் பெரிய பெரிய இறாலாகப் போட்டிருந்தான். எனக்கு இறங்கவில்லை. "பேச்சுன்னா பேச்சுதான். நான் முடிக்கல. நாளைக்கு அவரு வந்து எடுத்துக்கட்டும்" என்றேன். அவள் இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லி வாய் மூடியபிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். போத்தலோடு பிக்கப் நிழலில் பேசாமல் நின்றிருந்தால் நான் உதைத்து உதைத்து எஞ்சினை நானே ஒழித்திருப்பேன். காரை நிறுத்த அவளுக்கு வாசல் கிடைத்திருக்கும்.

"நீ பேசாம நின்னிருக்கலாம்ல?" என்றேன்.

"நின்னிருக்கலாம்" என்றாள். "அது கத்துனது காதுல கேட்டுச்சி. பாவமா இருந்திச்சி."

"யாரு, வண்டியா நானா?"

அதற்குள் என் போன் அடித்தது. சுங்கை லாலாங்காரர். எடுக்கத் தைரியம் இல்லாமல் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறால் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"இல்லண்ணே, வண்டிய விக்கல" என்றாள். "ஓட்டுறவரு வேணும்னா இருக்காரு, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."