அத்தை மகளின் கைராசி

கைராசி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரப்பர் தோட்டத்து நாற்றங்காலில் வேலை பார்த்த அப்பா, தோட்டம் கைமாறியதும் எங்களைச் சுங்கை ரம்பாய்க்குக் கூட்டிவந்து, கடலோரச் சேற்றில் பாக்காவ் என்ற அலையாத்தி மரம் நடும் வேலையில் சேர்ந்திருந்தார். அலை கரையைத் தின்றுகொண்டே வந்ததால் அங்கே மறுபடி காடு வளர்க்கக் குத்தகை விட்டிருந்தார்கள். முருங்கைக்காய் மாதிரி நீண்டிருக்கும் பாக்காவ் விதையைத் தண்ணீர் வடிந்த நேரத்தில் சேற்றில் செருக வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் அப்பா தோட்டத்து வழக்கத்தை விடவில்லை. முதல் விதையைக் கைராசி உள்ளவர்தான் நட வேண்டும்.

அந்தக் கைராசிக்காரி நான்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். பள்ளி விடுமுறைக்கு அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்திலிருந்து அத்தை மகள் வந்து சேர்ந்தாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். அவள் பிறந்த வருடமே அவளுடைய அப்பா இறந்துபோனார். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

"முதல்ல நீ நடும்மா," என்று அப்பா அவளைக் கூப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஆளுக்கொரு வரிசை கொடுத்தார். எனக்கு அலையோரம், அவளுக்குக் கரைப்பக்கம். என் வரிசையை இரண்டே வாரத்தில் அலை வாரிக்கொண்டு போனது. அவளுடையது வேர் பிடித்து இலை விட்டது. அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "இவ கையப் பாருங்க, தொட்டதெல்லாம் துளிர்க்குது," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மாகூட மீனின் நடுத்துண்டை அவளுக்குத்தான் வைத்தாள்.

ஒரு சாயங்காலம் நான் தனியாகப் போனேன். முழங்கால் சேற்றில் நின்று அவளுடைய கன்றுகளை ஒவ்வொன்றாக உருவினேன். பிடுங்கிப் போட்டால் மாட்டிக்கொள்வேனே! வேரை நகத்தால் கிள்ளிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினேன். பாடத்தில் ஒருநாளும் என் மூளை அவ்வளவு வேலை செய்ததில்லை.

ஒரு வாரத்தில் இலையெல்லாம் வாடித் தொங்கியது. அதைப் பார்த்ததும் அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ராசி இல்லாதவ மாமா. அங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என் கை பட்டா எதுவும் தங்காது."

நாலு குச்சி பட்டுப்போனதற்கா இப்படி அழுவார்கள் என்று நினைத்தேன். மனசு என்னவோ குளுகுளுவென்றுதான் இருந்தது.

அப்பா ஒரு கன்றை உருவினார். கிள்ளிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நிமிடம் என் கைகளைப் பார்த்தார்.

"நண்டு கடிச்சிருக்கு லா," என்றார் அவளிடம். "கடலோரத்துல இது எப்பவும் நடக்கிறதுதான். உன் கை என்னம்மா பண்ணும்? எழுந்திரு, மறுபடியும் நடுவோம்."

இருபது கன்றையும் வரிசை மாறாமல் கடித்த நண்டு! என்னை விதைக்கூடையைத் தூக்கிவரச் சொன்னார். பெற்ற மகளை அப்பா காட்டிக்கொடுக்கவில்லை என்ற பெருமையில் நானும் துள்ளிக்கொண்டு போய்த் தூக்கிவந்தேன்.

அலையோரம் நட்டது நிற்காது என்று தெரிந்தேதான் அந்த வரிசையை எனக்குக் கொடுத்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த நண்டுப் பொய்யும் எனக்காகச் சொன்னதல்ல.