பூதத்துக்கு ஒரு தொண்டை

போனில் பேசிக்கொண்டே வாசல் கேட்டைத் தள்ளினேன். அது கத்தியது. மறுமுனையில் கார்த்தி பேச்சை நிறுத்திவிட்டு, "நித்யா, யாருக்கு அடிபட்டுச்சு?" என்றான்.

அந்த நொடியில்தான் பொறி தட்டியது.

விஷயம் இதுதான். கார்த்தியும் நானும் இன்னும் சிலரும் திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியில் உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறோம். கார்த்திதான் முதலாளி. குகைக்குள் ஒரு பூதம், அது எழுந்து நின்றால் திரை நடுங்க வேண்டும். படம் பிரமாதம்... வாயைத் திறந்தால் சத்தம் இல்லை. சத்தம் என் டிபார்ட்மெண்ட். (இதெல்லாம் ஒரு வேலையா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்கிறார்.)

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா சவுண்ட் லைப்ரரிலேர்ந்து ரெடிமேடா ஒண்ணு எடுத்துப் போட்டுருவேன். நீ டெஸ்டிங் டீமுக்குப் போயிரு" என்று கார்த்தி சொல்லியிருந்தான்.

டெஸ்டிங் என்றால் நாள் முழுக்க ஒரே சுவரில் மோதி, அது சுவர்தான் என்று எழுதிக் கொடுப்பது. ரெடிமேட் உறுமல் என்றால் உலகத்து டைனோசர், டிராகன் எல்லாம் ஏற்கெனவே வாடகைக்கு எடுத்துக் கத்திய கத்தல். நம் பூதத்துக்கென்று ஒரு தொண்டை வேண்டாமா?

அந்தத் தொண்டை ஸ்ரீரங்கத்தில், நான் குடியிருக்கும் வீட்டு இரும்பு கேட்டில் இருந்தது. அதன் கிறீச்சைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் உறுமல்.

சரி, எந்த மைக்? யூடியூபில் தேடினேன். பனி மூடிய காட்டில் நின்றுகொண்டு ஒரு நிபுணர், முதலில் அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார். திருச்சியில் அமைதியான இடம் எங்கே இருக்கிறது? ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் இருக்கிறது.

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் நீளமான மைக் ஒன்றை இரவல் வாங்கினேன். காற்றின் இரைச்சல் விழாமலிருக்க அதற்கு ரோமத்தில் ஓர் உறை. கையில் கீரிப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருக்கும். தெருநாய் எழுந்து மரியாதையாக ஒதுங்கியது.

ஹவுஸ் ஓனர் ராகவன் மாமா ஒதுங்கவில்லை.

"என்னம்மா, டி.வி.லேர்ந்தா?"

"இல்ல மாமா. கேட் சத்தத்தை ரெக்கார்ட் பண்றேன். கேம்ல பூதம் கத்தணும்."

மாமா மைக்கைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். "நம்மாத்து கேட்டா பூதம்?" என்றுவிட்டு உள்ளே போனார். தலை வாரிக்கொண்டு திரும்பி வந்தார்.

பதிவை ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். கிறீச் இருந்தது. கூடவே பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன், எவர் வீட்டு டி.வி.யிலோ ராசிபலன்... பூதம் வாயைத் திறந்தால், "மிதுன ராசி நேயர்களே" என்கிறது. பின்னால் மாமா, "நன்னா விழறதோ?" என்கிறார்.

நல்ல மைக் எல்லாவற்றையும் கேட்கும் — அதுதான் அதன் பெருமை, அதுதான் என் தலைவலி.

அப்போதுதான் காண்டாக்ட் மைக் ஞாபகம் வந்தது. ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு தகடு, அதில் இரண்டு ஒயர். இரும்பில் ஒட்டினால் இரும்பின் அதிர்வை மட்டும் எடுக்கும். காற்றில் வரும் குக்கரையும் ராசிபலனையும் சட்டை செய்யாது. திருச்சிவாசிகள் எல்லோருக்குமே இப்படி ஒரு காது கொடுத்திருக்கலாம்.

தகடு வாங்கி, நானே ஒயரைப் பற்றவைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு, இன்று — வியாழக்கிழமை — காலை கேட்டில் ஒட்டினேன். ஹெட்போனை மாட்டினேன். தள்ளினேன்.

சத்தமே இல்லை.

ஒயரை ஆட்டிவிட்டு மறுபடி தள்ளினேன். கேட் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்ந்தது. கீலில் கறுப்பாக ஏதோ வழிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்.

"நேத்து சாயங்காலமே ஆளை வரவழைச்சுப் போட்டாச்சு" என்றார் மாமா, பின்னாலிருந்து. "நாலு பேர் கேக்கப்போற விஷயம். நம்மாத்து கேட் இப்படிக் கத்தறதுன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா? இப்பப் பண்ணிக்கோ, நன்னா இருக்கும்."

"மாமா, அது கத்தறதுக்காகத்தானே ரெக்கார்டே பண்ண வந்தேன்..."

"அதான் சொல்றேனே. இனிமே கத்தாது."

குடிவந்த நாளிலிருந்து இந்த கேட்டைப் பற்றி நான் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பார்க்கலாம்மா" என்பார். மைக்கை நீட்டினேன், பொழுது சாய்வதற்குள் ஆள் வந்துவிட்டார். நம் ஊரில் சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் இதே விதிப்படிதானே நடக்கின்றன? குறை சொல்கிற வாய்க்கு ஒருவரும் பயப்படுவதில்லை. மைக்குக்குப் பயப்படுகிறார்கள். அப்போதும் என்ன சரியாகிறது? கேட் கோணலாகத்தான் நிற்கிறது. துரு அப்படியே இருக்கிறது. சத்தம் மட்டும் போய்விட்டது.

கார்த்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

"அப்ப டெஸ்டிங்ல உனக்கு ஒரு சேர் போடச் சொல்லவா?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமா."

"அதுவரைக்கும் சேர்ல கை வைக்காதே."

நாளைக் காலை பாலக்கரை. அங்கே சித்தப்பாவின் ஹார்டுவேர் கடை ஷட்டரைத் தூக்கும்போது, எதிர்க்கடையில் டீ குடிப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தகடு ஹேண்ட்பேக்குக்குள் இருக்கும். எதற்கு வந்தேன் என்று வாய் திறக்கப்போவதில்லை.

சித்தப்பா ஊருக்கெல்லாம் மெஷின் ஆயில் விற்கிறவர். தன் ஷட்டருக்கு இதுவரை ஒரு சொட்டு விட்டதில்லை.