அவளுக்காக இறக்கிய சுருதி

எங்கள் தமிழ்ச் சபை நோபல் பார்க் என்கிற புறநகரில் ஒரு ஆங்கிலச் சபையின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறது. காலையில் அவர்கள் ஆராதனையை முடித்து, ட்ரம்ஸை மூடிவிட்டுப் போன பிறகு எங்கள் முறை. எங்களுக்கு வாத்தியம் என்றால் என் கீபோர்டும் ஒரு டோலக்கும்தான். மைக் பிடித்துப் பாட்டைத் தொடங்கித் தந்தவள் என் மனைவி. கல்யாணத்துக்கு முதலே அப்படித்தான். அந்தக் குரலில் மயங்கித்தான் நான் கல்யாணமே கட்டினேன்.

போன வருடம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோது கார் பார்க்கில் நின்று இருவரும் ஸ்தோத்திரம் சொன்னோம். பிறகுதான் தெரிந்தது, பேச்சு வருகிறது, மேல் ஸ்வரம் எதுவும் வரவில்லை. குரல் நரம்பு களைத்துப்போயிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். அவள் மைக்கை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனாள். அங்கே நின்று வாயை மட்டும் அசைத்தாள். சபைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட அவள் முணுமுணுப்பதில்லை. அந்த மௌனம் என்னைப் பிடுங்கித் தின்றது.

எல்லோரும் ஜெபிக்கிறோம் என்றார்கள். நானும் ஜெபித்தேன். ஆனால் பொறுமை எனக்குக் கிடைக்காத வரம். ஒரு ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் கீபோர்டின் சுருதியை நன்றாக இறக்கி வைத்தேன். அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. கை அதே இடத்தில் வாசிக்கும், சத்தம் மட்டும் கீழே போகும். எட்டுகிற உயரத்தில் பாட்டு வந்தால் தன்னை அறியாமல் பாடிவிடுவாள் என்பது என் கணக்கு.

பெண்கள் ஒருவாறு சமாளித்தார்கள். ஆண்களின் பக்கம் உறுமல்தான் கேட்டது. பாட்டைத் தொடங்கிய பிள்ளை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் அசைந்துகொண்டிருந்த வாயும் மூடிக்கொண்டது. தேநீர் குடிக்கும்போது ஒரு அங்கிள் வந்து, "என்ன தம்பி, இண்டைக்குப் பாட்டைக் கிணத்துக்க இறக்கிப்போட்டீர்?" என்று கேட்டார். பட்டனில் கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். ஆராதனை முடிந்த கையோடு ஒரு பொய்.

காரில் ஏறியதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகத்தானே இறக்கினீங்கள்?"

"ஓம்."

"எனக்காகச் சபை முழுக்க வாயை மூடிக்கொண்டு நிக்கோணுமே?"

கொஞ்சத் தூரம் போன பிறகு அவளே ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"பயமாயிருக்குதப்பா. வாய் திறந்து, வராட்டி? திறக்காட்டி, குரல் இன்னும் உள்ளுக்க கிடக்குதெண்டு நினைச்சுக்கொண்டாவது இருக்கலாம்."

இத்தனை மாதம் அவள் தொண்டைக்காக ஜெபித்தவன் நான். அந்தப் பயத்துக்காக ஒரு வார்த்தை ஜெபித்ததில்லை. ஊழியம் ஊழியம் என்று ஊரெல்லாம் வாசித்துத் திரிந்தவனுக்குப் பக்கத்தில் இருந்தவளின் பயம் கேட்கவில்லை. அன்று இரவு அதற்காக ஜெபித்தேன். அவளும் ஆமென் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சுருதியைப் பழைய இடத்திலேயே வைத்தேன். ஒரு பழைய கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு தாழ்ந்த குரல் கேட்டது. எல்லோரும் பாடிய மெட்டை விட்டுக் கீழே இறங்கி, அதோடு ஒத்துப்போகிற தன் வழியில், கரகரப்பாக வந்தது. வாழ்நாள் முழுக்க மேலே நின்று பாடியவள், அப்படி ஒருநாளும் பாடியதில்லை. ஓரிடத்தில் குரல் உடைந்து நின்றது. பிறகு அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டது.

நான் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்தேன். நான் வாசித்தால் அவள் குரல் அமுங்கிவிடும். என்னைப் பார்த்து டோலக்கும் நின்றது. சபை தனியே பாடியது. கண் நிறைந்து வழிந்தது, நான் துடைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கை எடுத்து, வாத்தியங்களைக்கூட ஆண்டவர் அமைதியாக்கினார், பார்த்தீர்களா என்றார். மனைவியின் குரலைக் கேட்கத்தான் நிறுத்தினேன் என்று நான் போய்ச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம்.